விளையும் பயிரும் வீடியோ எடுக்கும் அப்பாவும்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்"னு ஒரு சொலவடை இருக்கு. இதைச் சொன்ன புண்ணியவான் சத்தியமா வயல்ல இறங்கியிருக்க மாட்டார். நெல்லு வயல்ல குதிரைவாலிப் புல்லுன்னு ஒரு களை வரும். சின்னதுல அசல் நெல்லுப் பயிர் மாதிரியே நிக்கும். வருசக்கணக்கா களை எடுக்குற அம்மாக்களே உத்து உத்துப் பார்த்துதான் பிடுங்குவாங்க. நெல்லுக்கே இந்தக் கதின்னா மனுசப் புள்ளைக்கு என்ன கதி?

எதுக்கு இந்த வயக்காட்டுப் பேச்சுன்னு கேக்குறீங்களா? கொஞ்ச நாளா எங்க திரும்பினாலும் "உங்கள் குழந்தை மேதையா? கண்டுபிடிக்கப் பத்து அறிகுறிகள்"தான். குடும்ப வாட்சப் குழுவுல வருது, யூட்யூப்ல வருது. இப்ப நம்ம பதிவர் சொந்தங்களும் ரெண்டு மூணு பேர் அதையே தமிழ்ப்படுத்திப் போட்டுட்டாங்க. படிச்சுட்டுப் பேசாம போகத்தான் பார்த்தேன். கை அரிக்குது, முடியல. பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காப்பியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

அந்தப் பட்டியலைக் கொஞ்சம் பாருங்க. குழந்தை கண்ணுக்குக் கண் பார்க்குதா? தூக்கம் கம்மியா? நிறைய கேள்வி கேக்குதா? சட்டைக்குள்ள இருக்குற துணி லேபிள் குத்துதுன்னு அழுவுதா? பெரியவங்ககூட பேச ஆசைப்படுதா? பிடிவாதமா?

ஏங்க, இது ராசிபலன் இல்லையா? "நீங்கள் நல்லவர், ஆனால் உங்களை யாரும் புரிந்துகொள்வதில்லை"ங்கற மாதிரி. தூக்கம் கம்மியா இருக்குற, பிடிவாதம் பிடிக்கிற, கேள்வி கேக்குற ரெண்டு வயசுப் புள்ளையைத் தெருவுக்கு பத்து நான் காட்டுறேன். பட்டியல்ல பத்துக்கு ஏழு எல்லாருக்கும் பொருந்தும். பொருந்தணும்னுதானே எழுதியிருக்கான்? பொருந்தினாத்தானே அடுத்த பக்கத்துல இருக்குற "மூளைத்திறன் வகுப்பு"க்கு நீங்க பணம் கட்டுவீங்க?

பாரிஸ்னா என்னடா செல்லம்?

அறிகுறிப் பட்டியல்ல முதலிடம் எப்பவும் ஞாபக சக்திக்குத்தான். ரெண்டரை வயசுப் பையன் அம்பது நாட்டுத் தலைநகரம் சொல்றான், கொடியைப் பார்த்து நாடு சொல்றான். அப்பா கையில செல்போன். "சொல்லு தங்கம், ஃபிரான்ஸ்?" "பாரிஸ்!" எல்லாரும் கைதட்டு. ஏதோ ஒரு சாதனைப் புத்தகத்துக்குக் கட்டணம் கட்டி, சட்டம் போட்ட சான்றிதழ் ஒண்ணு ஹால்ல மாட்டியாச்சு.

அந்தப் பையன்கிட்ட பாரிஸ்னா என்னன்னு கேட்டுப் பாருங்க. அம்மா மூஞ்சியப் பார்க்கும். சென்னைப் புள்ளையா இருந்தா பஸ் நிக்கிற இடம்னாவது சொல்லும் :-)

குழந்தைக்கு ஞாபகம் வரக் கூடாதுன்னு சொல்ல வரலை. அந்த வயசுல எல்லாக் குழந்தைக்கும் வார்த்தை பிடிக்கிற சக்தி பிரமாதமா இருக்கும். எந்த வார்த்தையைத் தினமும் நூறு தடவை சொல்லிக் கொடுத்து, சொன்னா கட்டிப்பிடிச்சுக் கொஞ்சுறோமோ அதைப் பிடிச்சுக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை சோப்பு விளம்பரம் முழுசா ஒப்பிக்குது, அதுக்கு யாரும் சான்றிதழ் குடுக்கலை. ரெண்டும் ஒரே வேலைதான். ஒண்ணுல அப்பாவோட ஆசை இருக்கு, இன்னொண்ணுல இல்ல. அவ்ளோதான் வித்தியாசம்.

எனக்குக் கோவம் எங்க வருதுன்னா, நாம அறிகுறின்னு சொல்றது எல்லாமே வீடியோல எடுக்க முடியுற சமாச்சாரமாவே இருக்கு. ஒரு எறும்பு வரிசையை இருபது நிமிசம் குத்துக்கால் போட்டு உக்காந்து பார்க்குற குழந்தையை ரீல்ஸ் போட முடியாது. முப்பது செகண்ட்ல ஒண்ணும் நடக்காது. அதனால அது "அறிகுறி"யில சேராது. "டேய், அங்க என்ன பண்ற, எழுந்து வா"ன்னு ஒரு அதட்டல்தான் கிடைக்கும்.

தேடினவங்களுக்கே கிடைக்கலையே சாமி

சரி, இது ஏதோ என் சொந்த வயித்தெரிச்சல்னு நினைக்காதீங்க. இதையே தொழிலா வச்சுத் தேடினவங்க கதையைப் பார்ப்போம்.

1905ல பாரிஸ்ல (நெசமான பாரிஸ்ங்க) ஆல்ஃப்ரெட் பினே, சிமோன்னு ரெண்டு பேர் சேர்ந்து முதல் அறிவுத்திறன் சோதனையைப் போட்டாங்க. எதுக்கு? மேதையைப் பிடிக்க இல்ல. பள்ளிக்கூடத்துல எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி வேணும்னு கண்டுபிடிக்க. கைகொடுக்கச் செஞ்ச கருவியை, அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் கிரீடம் வைக்கிற கருவியா மாத்தினாங்க.

மாத்தினவங்கள்ல பெரிய ஆளு லூயிஸ் டெர்மன், ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர். 1921ல ஆரம்பிச்சு கலிஃபோர்னியாவுல சல்லடை போட்டு 1500க்கு மேல குழந்தைகளைப் பொறுக்கி, வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து பார்த்தார். அவங்கள்ல நிறைய பேர் நல்லாப் படிச்சு, நல்ல வேலைக்குப் போயி, வசதியா வாழ்ந்தாங்க. ஆனா ஒருத்தர்கூட நோபல் வாங்கலை. சோதனை எழுதி, மார்க்கு பத்தாதுன்னு அவர் ஒதுக்கின பசங்கள்ல ரெண்டு பேர் வாங்கினாங்க! 1956ல வில்லியம் ஷாக்லி, 1968ல லூயி அல்வரெஸ். ரெண்டுமே இயற்பியல். (ஷாக்லி பிற்காலத்துல பேசின இனவெறிப் பேச்சு தனிக்கதை, அதை இன்னொரு நாள் திட்டலாம்.)

டெர்மன் பார்த்தது பள்ளிக்கூடம் போற பசங்களை. கைக்குழந்தைக்கு வாங்க. நான்சி பெய்லின்னு ஒரு அம்மா 1928ல தொடங்கின பெர்க்லி ஆய்வுல, பிறந்ததுல இருந்து அதே குழந்தைகளைத் திரும்பத் திரும்பச் சோதிச்சாங்க. முதல் வருசத்துல எடுத்த மார்க்குக்கும் பள்ளிக்கூட வயசுல வர்ற மார்க்குக்கும் கிட்டத்தட்ட சம்பந்தமே இல்லைன்னு தெரிஞ்சுது. வயசு ஏற ஏறத்தான் மார்க்கு கொஞ்சம் நிலைக்குது. அதாவது பதினோரு மாசத்துல நடந்துச்சு, பத்து மாசத்துல "அத்தை"ன்னு சொல்லிச்சுங்கறதை வச்சு ஐஐடி கனவு காணாதீங்க. அத்தை வேணா சந்தோசப்பட்டுக்கலாம்.

நியூயார்க் நகரத்துல ஒரு கூத்து நடந்துச்சு தெரியுமா? நாலு வயசுக் குழந்தைக்குத் தேர்வு வச்சு, தேறினா "திறமைசாலி" வகுப்புல இடம். உடனே என்ன ஆச்சு? நாலு வயசுக்கு டியூஷன் சென்டர் முளைச்சுது. காசு இருக்குறவன் புள்ளை பயிற்சி எடுத்துட்டு வந்து திறமைசாலி ஆச்சு. கடைசியில 2021ல அந்தத் தேர்வுக்கான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம்னு அங்க இருக்குற கல்விக் குழு ஓட்டுப் போட்டு நிறுத்திட்டாங்க. அவங்க கைகழுவினதை நாம இப்பதான் ஆசையா எடுத்து இடுப்புல சொருகிக்கிறோம்.

மொசார்ட்டும் மொட்டை வியாபாரமும்

1993ல ஒரு ஆய்வு வந்துச்சு. 36 கல்லூரி மாணவர்கள். கல்லூரின்னு நல்லா அடிக்கோடு போட்டுக்கோங்க. மொசார்ட் இசையைப் பத்து நிமிசம் கேட்டுட்டு ஒரு வகைப் புதிரைக் கொஞ்சம் நல்லாப் போட்டாங்க. அந்தப் பலனும் கால் மணி நேரத்துல போயிடுச்சு. இதை வச்சு "வயித்துல இருக்குற குழந்தைக்கு மொசார்ட்"னு ஒரு வியாபாரமே நடந்துச்சு. 1998ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்குற ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு குடுக்கணும்னு பட்ஜெட்ல பணம் கேட்டார்! அதே காலத்துல கைக்குழந்தைகளுக்கான "பேபி ஐன்ஸ்டீன்" வீடியோக்கள் வித்துத் தள்ளுச்சு. 2009ல டிஸ்னி கம்பெனி, வாங்கினவங்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர்றோம்னு அறிவிச்சுது.

மேதைன்னு பேர் வச்சு வித்தா எதையும் விக்கலாம். வாங்குறவன் முட்டாள் இல்ல. புள்ளை மேல பாசம் உள்ளவன். அதான் எனக்கு வலிக்குது.

இப்பதான் முக்கியமான விசயம்

இது வரைக்கும் கிண்டல் பண்ணினேன். இனிமே கிண்டல் இல்ல.

எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம். பையன் ரெண்டரை வயசுல எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சான். கடைப் பலகை, பஸ் நம்பர், மருந்து அட்டை, எதையும் விடமாட்டான். வீடே கொண்டாடுச்சு. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டுற நிகழ்ச்சிதான். ஆனா அந்தப் பையன் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான். "அதோ பாரு காக்கா"ன்னு விரல் நீட்டிக் காட்ட மாட்டான். தண்ணி வேணும்னா அம்மா கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் குடம் மேல வைப்பான், வாயால கேக்க மாட்டான். படிச்சதுல ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டா பதில் வராது. யாராவது ஒரு வார்த்தை சொன்னா, "மேதைங்க அப்படித்தான், ஐன்ஸ்டீனே லேட்டாத்தான் பேசினாராம்"னு தாத்தா ஒரே போடா போட்டுடுவார். அப்படியே ரெண்டு வருசம் போச்சு. நாலரை வயசுல பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சரம்மா தைரியமா எடுத்துச் சொன்ன பிறகுதான் டாக்டர்கிட்ட போனாங்க. ஆட்டிசம்.

இப்படி வயசுக்கு மிஞ்சி எழுத்தைப் படிக்கிறது, ஆனா அர்த்தம் அந்த அளவுக்குப் பிடிபடாம இருக்குறதுக்கு "ஹைப்பர்லெக்ஸியா"ன்னு 1967லயே பேர் வச்சிருக்காங்க. ஆட்டிசம் உள்ள குழந்தைகள்கிட்ட இது அடிக்கடி சேர்ந்து வரும். சீக்கிரம் படிக்கிற எல்லாக் குழந்தைக்கும் ஆட்டிசம்னு தயவுசெஞ்சு படிச்சுக்காதீங்க. நிறைய குழந்தைங்க சும்மா சீக்கிரம் படிக்குங்க, அர்த்தமும் புரிஞ்சு சிரிச்சுப் பேசி விளையாடும், ஒரு பிரச்சினையும் இருக்காது. ஆட்டிசம் இருந்தாலும் அந்தப் பையனோட படிப்புத் திறமை பொய்யும் இல்ல. அந்தப் படிப்பை வச்சே இப்ப அவனுக்குப் பேச்சுச் சொல்லிக் குடுக்குறாங்க, நல்லாவே வர்றான். நான் சொல்ல வர்றது ஒண்ணுதான்: "மேதை"ங்கற ஒரு வார்த்தை அந்த வீட்டுல ரெண்டு வருசம் எல்லார் கண்ணையும் கட்டிப் போட்டுச்சு. பேச்சுப் பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குறோமோ அவ்வளவு நல்லது. அந்த ரெண்டு வருசத்தை எந்தச் சான்றிதழ் திருப்பித் தரும்?

அதனால பட்டியல் போட ஆசையா இருக்குற பதிவர்களே, முதல்ல இந்தப் பட்டியலைப் போடுங்க. ஒன்றரை வயசுல பேர் சொன்னா திரும்புதா? விரல் நீட்டிக் காட்டுதா? நாம காட்டின பக்கம் பார்க்குதா? நம்ம மூஞ்சியப் பார்த்துச் சிரிக்குதா? பேசிட்டு இருந்த வார்த்தைகள் காணாம போகுதா? சந்தேகம்னா குழந்தை மருத்துவர்கிட்ட போங்க. அரசாங்கத்துலயும் வழி இருக்கு. 2013ல வந்த ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய திட்டத்துல அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு வருசம் ரெண்டு தடவை பரிசோதனை உண்டு. மாவட்ட அளவுல ஆரம்பநிலைத் தலையீட்டு மையம்னு அரசு ஆஸ்பத்திரிகள்ல வச்சிருக்காங்க. காசு கிடையாது.

யாரோட புள்ளை மேதை?

எங்க அபார்ட்மென்ட் வாசல்ல வேப்ப மரத்தடியில இஸ்திரி போடுற அண்ணாச்சி ஒருத்தர் இருக்கார். கூட அவர் பேத்தி, மூணரை வயசு இருக்கும். எந்தச் சட்டை எந்த வீட்டுதுன்னு பொத்தானைப் பார்த்தே பிரிச்சு வச்சுடுவா. அது கூடப் பெருசில்ல. அண்ணாச்சி காலையில வண்டியை மரத்துக்கு ஒரு பக்கம் போடுவார், மத்தியானத்துக்கு மேல தள்ளி இந்தப் பக்கம் கொண்டுவருவார். ஒரு நாள் அவ கேக்குறா, "தாத்தா, நெழலு ஏன் நம்மள விட்டுட்டு ஓடுது? மரம் ஓடலையே?"

அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டு, "சரியான வாயாடி சார் இது"ன்னார்.

கவனிச்சீங்களா? நாலாவது மாடிப் பையன் தலைநகரம் ஒப்பிச்சா "அறிவாளி". மரத்தடிப் பொண்ணு நிழல் ஏன் நகருதுன்னு கேட்டா "வாயாடி". அவளை நான் மேதைன்னு அறிவிக்க வரலை. அறிவிச்சா நானும் அந்தப் பத்து அறிகுறிக் கும்பல்ல சேர்ந்துடுவேன். ஆனா ரெண்டுல எது நெசமான யோசனைன்னு உங்களுக்கே தெரியும்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்ல. 2014ல சேத் ஸ்டீஃபன்ஸ் டேவிடோவிட்ஸ்ங்கறவர் அமெரிக்காவுல கூகுள்ல பெத்தவங்க என்ன தேடுறாங்கன்னு பார்த்து எழுதினார். "என் பையன் அபாரத் திறமைசாலியா"ன்னு கேக்குறது, "என் பொண்ணு திறமைசாலியா"ங்கறதைப் போல ரெண்டரை மடங்காம். பொண்ணைப் பத்தி என்ன அதிகமா கேட்டாங்களாம்? குண்டா இருக்காளான்னு! படிச்சுட்டுப் பத்து நிமிசம் பேச்சு வரலை எனக்கு.

ஃப்ளோரிடாவுல ஒரு பெரிய பள்ளி மாவட்டம். அங்க பெத்தவங்களும் டீச்சருங்களும் சிபாரிசு பண்ணின பசங்களைத்தான் திறமைசாலி வகுப்புக்குச் சோதிப்பாங்க. 2005ல மாத்தி, ரெண்டாங்கிளாஸ் பசங்க எல்லாருக்கும் ஒரு சோதனைன்னு வச்சாங்க. ஏழைக் குழந்தைங்க, கறுப்பினக் குழந்தைங்க, ஸ்பானிஷ் பேசுற குடும்பத்துக் குழந்தைங்க எண்ணிக்கை சடசடன்னு ஏறிடுச்சு. டேவிட் கார்டு, லாரா ஜூலியானோன்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 2016ல இதை ஆராய்ஞ்சு எழுதினாங்க. அந்தப் புள்ளைங்க அதுக்கு முன்னாடியும் அதே வகுப்புல அதே பெஞ்சுலதான் உக்காந்திருந்துச்சுங்க. யாரும் பார்க்கலை, அவ்ளோதான். அறிகுறி குழந்தைகிட்ட இருந்தா மட்டும் பத்தாது. பார்க்குறவன் கண்ணுலயும் இருக்கணும்.

"அப்போ திறமையே கிடையாதுங்கறீங்களா?"

கேப்பீங்கன்னு தெரியும். இருக்கு. சில குழந்தைங்க நெசமாவே வேற வேகத்துல ஓடும். ஒரே விசயத்துல மணிக்கணக்கா மூழ்கும், ஏன்னு கேட்டு, பதிலுக்கு மேல இன்னொரு ஏன் கேக்கும், சம்பந்தமில்லாத ரெண்டு விசயத்தைத் தானா முடிச்சுப் போடும். அதுங்களைக் கண்டுக்காம விட்டா வகுப்புல சலிச்சுப் போய்ச் சேட்டைக்காரன்னு பேர் வாங்கும். அதுவும் அநியாயம்தான். ஆனா அதுக்கு மருந்து மூணு வயசுல முத்திரை குத்துறது இல்ல.

முத்திரை குத்தினா என்ன ஆகும்? வில்லியம் சைடிஸ்னு ஒரு பையன். 1909ல பதினோரு வயசுல ஹார்வர்டுல சேர்ந்தான். அடுத்த ஜனவரியில பேராசிரியர்களுக்கு நாலு பரிமாணக் கணிதம் பத்திப் பேசினான். பத்திரிகையெல்லாம் பின்னாடியே ஓடுச்சு. வளர்ந்ததும் அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "என்னைச் சும்மா விடுங்க". சின்னச் சின்னக் கணக்கு வேலை பார்த்துக்கிட்டு, ட்ராம் வண்டி டிக்கெட் சேகரிச்சுக்கிட்டு ஒதுங்கி இருந்தார். 1937ல ஒரு பத்திரிகை அதையும் தோண்டி எழுதுச்சு. அந்தரங்கம் கெட்டுச்சுன்னு கேஸ் போட்டார், 1940ல அதுலயும் தோல்வி. 1944ல 46 வயசுல போய்ச் சேர்ந்துட்டார்.

வீட்டளவுலயும் இதே கதைதான். 1998ல கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் வெளியிட்ட சோதனை இருக்கு. "நீ புத்திசாலி"ன்னு பாராட்டின பசங்க அடுத்து சுலபமான கணக்கா பார்த்து எடுத்தாங்க, தோத்ததும் துவண்டாங்க, மார்க்கு பத்திப் பொய்யும் சொன்னாங்க. "நல்லா முயற்சி பண்ணின"ன்னு கேட்ட பசங்க கஷ்டமானதைத் தேடிப் போனாங்க. புத்திசாலிப் பட்டம் வாங்கினவனுக்கு அதைக் காப்பாத்துறதே முழுநேர வேலை ஆயிடுது.

நம்ம ராமானுஜனை எடுத்துக்கோங்க. மூணு வயசு வரைக்கும் சரியாப் பேசவே இல்லைன்னு எழுதி வச்சிருக்காங்க. (உடனே "பேசாட்டி மேதை"ன்னு புதுப் பட்டியல் போட்டுடாதீங்க, மேல சொன்ன தாத்தா கதை ஞாபகம் இருக்கட்டும்.) அவருக்குக் கிடைச்சது மூணு வயசுல சான்றிதழ் இல்ல. பதினாறு வயசு வாக்குல கார் எழுதின ஒரு கணிதப் புத்தகம். கல்லூரியில தோத்துட்டு நின்னப்ப, 1912ல மெட்ராஸ் துறைமுகத்துல மாசம் 30 ரூபாய்க்கு ஒரு குமாஸ்தா வேலை. அங்க கணக்குத் தெரிஞ்ச நாராயண ஐயர்னு ஒரு மேலதிகாரி. அப்புறம் ஹார்டி. சரியான நேரத்துல ஒரு புத்தகம், ஒரு சம்பளம், புரிஞ்சுக்கிற ஒரு மனுசன். இவ்வளவுதாங்க வேணும். இதுல எதையும் ரீல்ஸ் போட முடியாது.

ஆகவே பெத்தவங்களே, செய்ய வேண்டியது சிம்பிள். கேள்விக்குப் பதில் சொல்லுங்க. தெரியலைன்னா "வா, சேர்ந்து பார்ப்போம்"னு சொல்லுங்க. மண்ணு, தண்ணி, டப்பா, மூடி குடுங்க. கதை சொல்லுங்க, குறுக்கக் கேட்டா கோச்சுக்காதீங்க. போனைக் கீழ வைங்க, குறிப்பா வீடியோ எடுக்கறதுக்கு. உங்க வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவோட குழந்தை ஏதாவது கேட்டா, அதுக்கும் அதே பதிலை அதே பொறுமையோட சொல்லுங்க.

சும்மா பேசிட்டுப் போக முடியாதுன்னு ஒரு குச்சி, நாலு சாக்பீஸ் எடுத்துட்டுப் போய் அந்த வாயாடிகிட்ட குடுத்தேன். நிழல் நுனியில மணிக்கொரு கோடு போடணும். அண்ணாச்சிக்கு இடைஞ்சல்தான், ஆனா பாவம் ஒண்ணும் சொல்லலை. இப்ப இஸ்திரி வண்டியைச் சுத்தி ஒரே கோடா இருக்கு.

டிஸ்கி 1: "எங்க வீட்டுப் பையன் நெசமாவே மேதைங்க"ன்னு பின்னூட்டம் போட வர்றவங்க, பையன் கடைசியா கேட்ட கேள்வி என்னன்னு சேர்த்து எழுதுங்க. அவன் சொன்ன பதில் வேணாம்.

டிஸ்கி 2: தலைநகரம் ஒப்பிக்கிற குழந்தைங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அதுங்க பாவம், சாக்லேட்டுக்காகச் சொல்லுதுங்க.